புகையிலையும் பாக்கும் உண்டாக்கும் கட்டியை உடல் ஏன் விரட்டுவதில்லை?

வாவிக்கரை (ஆரையம்பதி) எழுதியது:

உயர்தர உயிரியல் வகுப்பில் நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்பு, படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். மாணவி ஒருத்தியின் கேள்விக்கு நான் கொடுத்த பதில் அவளுக்குப் போதவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் போதவில்லை. அதனால் இங்கே வைக்கிறேன்.

புகையிலைப் புகையும் வெயிலின் புற ஊதாக் கதிரும் கலத்தின் டீ.என்.ஏ.யைச் சேதப்படுத்தி விகாரங்களை (நிலையான மாற்றங்களை) உண்டாக்குகின்றன. விகாரமடைந்த பரம்பரையலகு மாறிய புரதத்தைத் தருகிறது. மாறிய புரதம் உடலுக்கு அந்நியம். அந்நியத்தைக் கண்டால் டீ-கலங்கள் என்ற வெள்ளைக் குழியங்கள் தாக்கும் என்பது அடுத்த பாடம். இரண்டையும் சேர்த்துப் படித்த பிள்ளை கேட்கிறாள்: "அப்படியென்றால் நெடுங்காலம் புகைத்தவரின் கட்டியைத்தானே உடல் எல்லாவற்றையும்விடச் சுலபமாக அழிக்க வேண்டும், ரீச்சர்?"

கேள்வி அதோடு நிற்கவில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கான புதிய நிர்ப்பீடனச் சிகிச்சை, புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்களில் நன்றாக வேலை செய்கிறது என்று பிள்ளைகள் எங்கோ வாசித்திருக்கிறார்கள். "அப்போது புகைப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வாக்கியம் என் வகுப்பறையில் பதிலில்லாமல் நிற்பதை நான் விரும்பவில்லை. தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

நுணுக்குக்காட்டி (கல்முனை) எழுதியது:

ரீச்சர், உங்கள் மாணவியின் கேள்வியை 1950களிலேயே சுண்டெலிகளிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் நோயியல் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்பவன். இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957இல் ரிச்மண்ட் பிரென், ஜோன் மெயின் என்ற இருவர் மெதில்கொலாந்திரீன் என்ற இரசாயனத்தால் எலிகளில் சார்க்கோமா என்ற மென்னிழையப் புற்றுக் கட்டிகளை உண்டாக்கினார்கள். புகையிலைப் புகையிலும் தாரிலும் இருக்கும் பல்வளைய ஐதரோக்காபன்களின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் இது. எலிகள் எல்லாம் ஒரே வம்சம். ஒன்றின் தோலை இன்னொன்றில் ஒட்டினால் நிராகரிக்காத அளவுக்கு ஒத்தவை. எலியில் கட்டியை வளரவிட்டு, பிறகு அகற்றிவிட்டு, அதே கட்டியின் கலங்களைத் திரும்பச் செலுத்தினார்கள். எலி அவற்றை விரட்டியது. அதே இரசாயனம் வேறோர் எலியில் உண்டாக்கிய கட்டியைச் செலுத்தியபோதோ அது வளர்ந்தது. ஒரே காரணி, ஒரே வகைக் கட்டி. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம். இரசாயனம் டீ.என்.ஏ.யில் எங்கே அடிக்கும் என்பது பெரும்பாலும் தற்செயல் என்பதால் எந்த இரண்டு கட்டியும் ஒரே விகாரங்களைச் சுமப்பதில்லை. 1960இல் ஸ்டொக்ஹோமில் ஜோர்ஜ் கிளைன் குழு, கட்டி முதலில் தோன்றிய அதே எலியிலும் இந்த எதிர்ப்பைக் காட்டியது.

அதனால் உங்கள் மாணவியின் தர்க்கத்தில் பிழை இல்லை. புற்றுநோயாக்கி உண்டாக்கிய கட்டியை நிர்ப்பீடனத்தால் அடையாளம் காண முடியும். 1975இல் பிரென் இன்னொன்றையும் சொன்னார்: இரசாயனத்தின் செறிவைக் குறைத்தால், தோன்றும் கட்டிகள் நிர்ப்பீடனத்தைத் தூண்டும் அளவும் குறைந்தது. எவ்வளவு விஷம் பட்டது என்பதும் கட்டியின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் பரிசோதனையைத் திரும்பப் பாருங்கள். எலி விரட்டியது இரண்டாம் தடவை செலுத்திய கலங்களை. முதலில் தன் உடலில் முளைத்த கட்டியை அது விரட்டவில்லை. அதைக் கத்திதான் எடுத்தது. நாம் தேட வேண்டிய பதில் அந்த முதல் கட்டியில் இருக்கிறது.

காரைதீவு விஞ்ஞானப்பிரிவு எழுதியது:

சேர், நானும் உயர்தர மாணவன். இரசாயனம் எதுவும் கொடுக்காமல் எலிக்குத் தானாக வரும் கட்டிகளும் இப்படித்தானா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

இல்லை தம்பி. இந்த இடத்தில்தான் பெரிய சண்டை வந்தது.

1976இல் ஹெவிட் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், எலிகளில் தானாகத் தோன்றிய 27 கட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். நிர்ப்பீடனம் அவற்றைக் கவனித்ததற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. இரசாயனம் கொடுத்து உண்டாக்கிய கட்டிகளை வைத்து மனிதப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவது வீண் என்று அவர் வாதிட்டார். அதற்குச் சற்று முன் 1974இல் ஸ்டட்மன், டீ-கலங்கள் முதிரும் தைமஸ் சுரப்பி இல்லாத மொட்டை எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் மெதில்கொலாந்திரீன் கொடுத்து, கட்டி தோன்றும் விகிதத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டியிருந்தார். புற்றுக் கலங்களை நிர்ப்பீடனம் காவல் இருந்து தேடி அழிக்கிறது என்று பேர்னெட், தோமஸ் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த "நிர்ப்பீடனக் கண்காணிப்பு" என்ற கருத்து ஏறக்குறைய கைவிடப்பட்டது.

ஸ்டட்மனின் பரிசோதனையில் இரண்டு பிரச்சினைகள் இருந்ததைப் பின்னர் கண்டார்கள். மொட்டை எலிகளில் நிர்ப்பீடனம் முற்றாக இல்லாமல் போவதில்லை. கொஞ்சம் டீ-கலங்களும் இயற்கைக் கொல்லிக் கலங்களும் இருக்கின்றன. மற்றது, அவர் எடுத்த வம்சத்து எலிகளில், மெதில்கொலாந்திரீனை விஷமாக மாற்றும் நொதியம் மிகத் தீவிரமாக வேலை செய்யும். விஷம் அவ்வளவு வேகமாக உருவாகும் இடத்தில், காவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றாகத்தான் தெரியும். காரணியின் அளவையும் உடலின் எதிர்ப்பையும் தனித்தனியே எடைபோட்டால் வழிதவறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2001இல் ரொபர்ட் ஷ்ரைபர், லொயிட் ஓல்ட் குழு அதைச் சரியாகச் செய்தது. டீ-கலங்கள் உட்பட நிணநீர்க் குழியங்களே உருவாக முடியாதபடி ஒரு பரம்பரையலகு நீக்கப்பட்ட எலிகள் ஒருபுறம், சாதாரண எலிகள் மறுபுறம். அதே இரசாயனத்தைக் கொடுத்தபோது சாதாரண எலிகள் 57இல் 11க்குக் கட்டி வந்தது. நிர்ப்பீடனம் இல்லாதவை 52இல் 30க்கு வந்தது. காவல் உண்மை என்பது அங்கே உறுதியானது.

அதற்கு அடுத்த பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இரு கூட்டத்திலிருந்தும் கட்டிகளை எடுத்து, நிர்ப்பீடனம் சரியாக உள்ள புதிய எலிகளுக்குள் வைத்தார்கள். சாதாரண எலிகளில் தோன்றிய கட்டிகள் அத்தனையும் வளர்ந்தன. நிர்ப்பீடனம் இல்லாத எலிகளில் தோன்றிய 20 கட்டிகளில் 8 விரட்டப்பட்டன. இரசாயனம் ஒன்றே. வளர்ந்த உடல் மட்டும் வேறு. காவல் இல்லாத உடலில் வளர்ந்த கட்டி தன் அந்நிய அடையாளங்களை மறைக்காமலே இருந்திருக்கிறது. காவல் உள்ள உடலில் வளர்ந்தவை, அந்தக் காவலைத் தாண்டக்கூடியவை மட்டும்.

வயல்வெளி (சம்மாந்துறை) எழுதியது:

நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை, கமக்காரன். ஆனால் இது எனக்குப் புரிகிறது. வயலில் கையால் களை பிடுங்கும்போது நெல்லிலிருந்து வித்தியாசமாகத் தெரிவதை எல்லாம் பிடுங்கிவிடுகிறோம். கடைசியில் மிஞ்சுவது நெல்லைப் போலவே இலையும் தாளும் உள்ள களை. கதிர் வந்த பிறகுதான் அது களை என்று தெரியும். நன்றாகக் களை பிடுங்கிய வயலில்தான் அந்தக் களை அதிகம் மிஞ்சுகிறது. நீங்கள் சொல்வது இதைத்தானே?

நுணுக்குக்காட்டி எழுதியது:

இதைத்தான், காக்கா. ஆய்வாளர்கள் இதை "நிர்ப்பீடனத் திருத்தம்" என்கிறார்கள். தெரிகிற கலங்களை அழித்தல், அழிக்க முடியாதவற்றை நீண்ட காலம் அடக்கி வைத்திருத்தல், கடைசியில் தப்பிப் போதல் என்று மூன்று கட்டங்கள்.

2012இல் அதே குழு, நிர்ப்பீடனம் இல்லாத எலியில் வளர்ந்த ஒரு கட்டியின் பரம்பரையலகுகளை முழுமையாக வாசித்தது. ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தில் இருந்த ஒரே ஒரு விகாரம்தான் டீ-கலங்களுக்குப் பிரதான அடையாளம். அந்தக் கட்டியைச் சாதாரண எலிக்குள் வைத்தபோது, தப்பி வளர்ந்த கலங்களில் அந்த விகாரம் இருக்கவில்லை. அது இல்லாத கலங்கள் மட்டும் மிஞ்சிப் பெருகியிருந்தன.

நடுக்கட்டத்தை 2007இல் காட்டினார்கள். குறைந்த அளவு மெதில்கொலாந்திரீன் கொடுத்த எலிகளில் 200 நாட்களாகக் கட்டி எதுவும் வளரவில்லை. பிறகு அவற்றின் டீ-கலங்களை நீக்கியபோது பலவற்றில் சார்க்கோமா கிளம்பியது. கட்டி ஏற்கனவே உள்ளே இருந்தது. அதை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள்.

மனிதரிலும் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து, குணமானவர் என்று கருதப்பட்ட ஒருவர் 16 வருடங்களுக்குப் பின் வேறு காரணத்தால் இறந்தார். அவருடைய சிறுநீரகங்கள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்த அந்த இருவருக்கும் அந்த மெலனோமா வந்தது. 2003இல் வெளியான அறிக்கை இது. கொடுத்தவரின் உடல் 16 வருடம் அடக்கி வைத்திருந்ததை வாங்கியவர்களின் உடலால் அடக்க முடியவில்லை.

ஒலுவில் வெளிச்சவீடு எழுதியது:

இதை வாசித்த பிறகு பயமாக இருக்கிறது. எங்கள் காக்காவுக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது. அந்த மருந்தைத்தான் தினமும் எடுக்கிறார். குறைக்கச் சொல்லலாமா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

வேண்டாம், தயவுசெய்து. மருந்தை அவராகக் குறைத்தால் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடும். அளவை மாற்றுவது சிறுநீரக வைத்திய நிபுணர் மட்டும் எடுக்க வேண்டிய முடிவு. நான் சொன்ன சம்பவம் மிக அரிதானது.

அவர் செய்யக்கூடியது வேறு. உறுப்பு மாற்றியவர்களில் அதிகம் கூடுவது தோலின் செதிட்கலப் புற்றுநோயும் வைரசுகளால் வரும் புற்றுநோய்களும். நோர்வேயில் செய்த ஆய்வில் தோலின் அந்தப் புற்றுநோய் பொதுமக்களில் காண்பதைப் போல 65 மடங்கு காணப்பட்டது. அங்குள்ளவர்கள் வெளிர்தோல் உடையவர்கள். நம் தோல் நிறம் பெரிய பாதுகாப்பு, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்மீது போட வேண்டாம். ஆனாலும் காக்கா வெயிலில் முழுக்கை உடுப்பும் தொப்பியும் அணியட்டும். ஆறாத புண், வளரும் கட்டி எதுவானாலும் அடுத்த கிளினிக்கில் காட்டட்டும். புகைத்தாலோ வெற்றிலை போட்டாலோ இன்றே விடட்டும். காவல் குறைந்த உடலில் புதிய விகாரங்களைச் சேர்க்க அவருக்கு எந்த இடமும் இல்லை.

வாவிக்கரை எழுதியது:

அருமையான விளக்கம். ஆனாலும் என் முதல் கேள்வியில் ஒரு பாதி மிச்சம். கட்டி தேர்வாகித் தப்புகிறது என்பது புரிகிறது. புற்றுநோயாக்கியின் வேலை விகாரத்தை உண்டாக்குவதோடு முடிந்துவிடுகிறதா? காவலையும் அது தொடுகிறதா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

தொடுகிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் மார்கரெட் கிரிப்கி. 1970களில் அவர் எலிகளின் தோலில் புற ஊதாக் கதிரைத் தொடர்ந்து பாய்ச்சிக் கட்டிகளை உண்டாக்கினார். அந்தக் கட்டிகளை அதே வம்சத்துச் சாதாரண எலிகளில் வைத்தால் பெரும்பாலானவை விரட்டப்பட்டன. அவ்வளவு வலுவான அந்நிய அடையாளம். அப்படியானால் அவை முதல் எலியில் எப்படி வளர்ந்தன? கட்டி வரும் அளவுக்குக் கதிர் பாய்ச்சாமல், அதற்குக் குறைவாகப் பாய்ச்சிய எலிகளில் அதே கட்டியை வைத்துப் பார்த்தார், அங்கே வளர்ந்தது. கதிர் தோலின் கலங்களில் விகாரங்களை உண்டாக்கியதோடு, அந்த விகாரங்களை அடையாளம் காண வேண்டிய நிர்ப்பீடனத்தையும் அடக்கியிருந்தது. அடக்கும் வகை டீ-கலங்கள் அந்த எலிகளில் பெருகியிருந்ததைப் பின்னர் கண்டார்கள்.

உங்கள் மாணவிக்கான பதில் இதுதான், ரீச்சர். ஒரே காரணி கட்டிக்கு அடையாளத்தையும் கொடுக்கிறது, அதைப் பார்க்க வேண்டிய கண்ணையும் மங்கச் செய்கிறது. மங்கிய கண்ணுக்குள்ளும் மிஞ்சியிருக்கும் காவல், தெரிகிற கலங்களைக் கழித்துக்கொண்டே இருக்கிறது. பல வருடங்கள் கழித்துக் கிளினிக்குக்கு வரும் கட்டி இந்த மூன்றும் சேர்ந்து செய்தது.

மருதமுனைத் தறி எழுதியது:

எலிகளை விட்டுவிட்டு நம் வாய்க்கு வருவோமா? எங்கள் உம்மா இளமையிலிருந்து வெற்றிலை போடுகிறார். புகையிலையை நிறுத்தச் செய்துவிட்டோம். "இப்போது பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தானே, அதில் என்ன இருக்கிறது" என்கிறார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அண்மையில் சாப்பாட்டில் கொஞ்சம் மிளகாய் கூடினாலும் வாய் எரிகிறது என்று தண்ணீர் கேட்கிறார். இதில் நிர்ப்பீடனத்துக்கு என்ன வேலை?

படுவான்கரைப் பணியாளர் எழுதியது:

நுணுக்குக்காட்டி வருவதற்கு முன் நான் எழுதுகிறேன், ஏனென்றால் இது அவசரம். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். காரம் எரிவதை வயதுக் கோளாறு என்று விடாதீர்கள். உம்மாவை வாய் திறக்கச் சொல்லி, அவருடைய சொந்த மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைக் கைமின்விளக்கால் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிப் பளிங்கு போல் தெரியும். விரலால் தடவினால் தோலுக்குக் கீழே நார்க்கயிறு போல் ஒன்று செங்குத்தாகத் தட்டுப்படும். இதைச் சீதச்சவ்வின் கீழ் நாரிழைய நோய் என்கிறார்கள். இதற்குப் பிரதான காரணம் பாக்கு. புகையிலை இல்லாமலே வரும். எப்படி இருந்தாலும் இந்த வாரமே அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வாயைப் பார்க்க அவர்களுக்குச் சில நிமிடங்கள் போதும்.

பாக்கில் ஒன்றும் இல்லை என்ற பேச்சு எங்கள் பக்கத்திலும் வேரூன்றியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்கள் என்று 2004இல் வெளியிட்ட நூலிலேயே எழுதிவிட்டது. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்.

நான் பார்க்கும் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. யானைக்குப் பயந்து இரவு முழுக்கப் பரணில் காவல் இருப்பவருக்குத் தூக்கம் வராமல் இருக்க வெற்றிலை வேண்டும். அறுவடையில் வெயிலோடு நிற்பவருக்குப் பசி தெரியாமல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்கு முன்னால் வெற்றிலை வட்டா வைப்பது நமக்கு மரியாதை. பாக்கை ஒரே கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே தூங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். புண் வருவதும் அந்தக் கன்னத்தில்தான். இவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. சொல்லுவேன்.

நுணுக்குக்காட்டி எழுதியது:

பரிசோதகர் ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள், தறி. காரணத்தைப் பிறகு பேசலாம். ஆனால் கேட்டதால் எழுதுகிறேன்.

பாக்கிலுள்ள அரெக்கோலின் போன்ற பொருட்கள் உமிழ்நீரில் நைத்திரசோ சேர்வைகளாக மாறுகின்றன. அவற்றில் சில டீ.என்.ஏ.யை நேரடியாகத் தாக்கும். சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மையாக்கும்போது பாக்கின் பொலிபீனோல்களிலிருந்து தாக்கும் ஒட்சிசன் வகைகள் கிளம்புகின்றன. இது விகாரப் பக்கம்.

மறுபக்கம் அந்த நார்க்கயிறு. அதை உண்டாக்கும் பிரதான சமிக்ஞை டீ.ஜீ.எஃப்-பீட்டா என்ற புரதம். காயம் ஆற உதவும் சமிக்ஞை ஓயாமல் ஒலித்தால் தழும்பு படர்கிறது. 2018இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் செய்த ஆய்வு, இந்தச் சமிக்ஞை வலுவாக உள்ள கட்டிகளில் டீ-கலங்கள் உள்ளே நுழையாமல் கட்டியைச் சுற்றியுள்ள நாரிழையத்தில் தேங்கி நிற்பதைக் காட்டியது. கன்னத்தில் பல வருடம் படர்ந்த தழும்பிலும் அந்தச் சமிக்ஞைதான் ஓங்கி நிற்கிறது. அங்கே ஒரு கலம் புற்றாகும்போது டீ-கலங்களுக்கு வழி ஏற்கனவே குறுகியிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் பாருங்கள். 2013இல் இந்திய ஆய்வாளர்கள், பாக்கும் புகையிலையும் மெல்லும் மக்களில் வரும் கன்னம், ஈறுப் புற்றுநோய்களின் பரம்பரையலகுகளை வாசித்தபோது காஸ்பேஸ்-8 என்ற பரம்பரையலகு அடிக்கடி பழுதடைந்திருந்தது. டீ-கலம் ஒரு கலத்தைக் கொல்ல அனுப்பும் மரணச் செய்திகளில் ஒன்றை உள்ளே எடுத்துச் செல்லும் புரதத்தைத் தருவது அது. அந்தக் கட்டிகளின் அந்நிய அடையாளம் அப்படியே இருக்கலாம். டீ-கலமும் வந்து சேரலாம். அனுப்பிய அந்தச் செய்தி மட்டும் போய்ச் சேராது. காவலோடு போராடித் தேர்வான கட்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான சுவடு வேண்டுமா?

வயல்வெளி எழுதியது:

எங்கள் பக்கம் எல்லாரும் கேட்பது களைநாசினி பற்றித்தான். அதுவும் இப்படி விகாரம் உண்டாக்குகிறதா? வீட்டுப் பெண்கள் விறகு அடுப்புப் புகையில் நிற்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நுணுக்குக்காட்டி எழுதியது:

காக்கா, கிளைபோசேட்டை 2015இல் அதே முகவரகம் "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடும்" என்ற 2ஏ வகுப்பில் வைத்தது. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. பாக்கும் புகையிலையும் உறுதியான முதல் வகுப்பு. தெளிக்கும்போது முகக்கவசம், கையுறை போடுங்கள். காற்றுக்கு எதிராக நிற்காதீர்கள். ஆனால் களைநாசினிக்குப் பயந்துகொண்டே வாயில் வெற்றிலையோடு வயலில் நிற்பவர் பயத்தைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார்.

உங்கள் கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாப் புற்றுநோயாக்கியும் விகாரத்தை உண்டாக்குவதில்லை. 2020இல் 20 பொருட்களை எலிகளில் வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை தமக்கென்று தனி விகாரச் சுவடு எதையும் விடவில்லை. 2023இல் லண்டனில் சார்ல்ஸ் சுவான்டன் குழு, காற்றிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலில் புதிய விகாரங்களைச் சேர்க்காமலே புற்றுநோயை வளர்ப்பதைக் காட்டியது. வயதோடு தற்செயலாக விகாரமடைந்து உறங்கிக் கிடந்த கலங்களைத் துகள்கள் கிளப்பும் அழற்சி எழுப்பிவிடுகிறது. புகைக்காத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயை விளங்கிக்கொள்ள இது மிக முக்கியம். அப்படி வரும் கட்டியில் விகாரங்கள் குறைவு, டீ-கலங்களுக்கு அடையாளமும் குறைவு. ஹெவிட் பார்த்த 27 கட்டிகளை நினைத்துப் பாருங்கள்.

நாவற்குடா எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதுமே. கருஞ்சீரகம், முருங்கையிலை, அதோடு இப்போது கடைகளில் வரும் சக்தித் தூள்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் எடுக்கிறோம்.

நுணுக்குக்காட்டி எழுதியது:

முருங்கையிலை நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நிர்ப்பீடனம் "கூடுவது" என்பது ஒரே திசையில் நடக்கும் காரியம் இல்லை. ஓயாத அழற்சியும் நிர்ப்பீடனத்தின் செயல்தான். மேலே சொன்ன நுண்துகள் ஆய்வில் புற்றுநோயை எழுப்பிவிட்டது அந்த அழற்சிதான். தேவை, குறிப்பிட்ட அடையாளத்தை அறிந்த காவல். அதை முன்கூட்டியே உண்டாக்கும் வழி வைரசால் வரும் சில புற்றுநோய்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. வைரசின் புரதம் எல்லா நோயாளிகளிலும் ஒன்றே; அதனால் தடுப்பூசி போட முடிகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி 2017இலிருந்து நம் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. புகையிலை உண்டாக்கும் கட்டிக்கு அப்படிப் பொதுவான ஊசி இல்லாததற்குக் காரணம் பிரென் 1957இல் கண்டதுதான்: ஒவ்வொன்றும் தனி.

தூளுக்குச் செலவிடும் பணத்தைவிட மகளின் தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது பெறுமதியானது, சகோதரம்.

வாவிக்கரை எழுதியது:

பின்வாங்கிலிருந்து வந்த அந்த வாக்கியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. புகைத்தவர்களுக்குச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்பது உண்மையா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

உண்மை. அதனால்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும்.

டீ-கலத்தில் பீ.டீ-1 என்ற தடுப்பான் இருக்கிறது. கட்டி அதை அழுத்தி டீ-கலத்தை நிறுத்திவிடும். இப்படியான தடுப்பான்களின் அழுத்தத்தை விடுவிக்கும் மருந்துகளுக்கு அடிகோலியதற்காக 2018இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பை எடுத்தாலும், டீ-கலத்துக்கு அடையாளம் தெரிந்த ஏதாவது கட்டியில் இருந்தால்தான் பயன். 2015இல் வெளியான ஆய்வில், நுரையீரல் புற்றுநோயுள்ள 34 பேரில், புகையிலையின் விகாரச் சுவடு கட்டியில் பதிந்திருந்தவர்களில் 56 வீதமானோருக்குக் கட்டி சுருங்கியது. சுவடு இல்லாதவர்களில் 17 வீதமானோருக்கு.

இப்போது பின்வாங்குத் தம்பிக்கு. தினமும் ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவரின் ஒவ்வொரு நுரையீரல் கலத்திலும் வருடத்துக்குச் சராசரி 150 விகாரங்கள் சேர்கின்றன என்று 2016இல் கணக்கிட்டார்கள். குரல்வளையில் 97, வாயில் 23. அந்தச் சிகிச்சைக்கு உதவும் அடையாளங்கள் இவற்றிலிருந்துதான் வருகின்றன. புற்றுநோயை உண்டாக்கும் விகாரங்களும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. ஒன்றை எடுத்து மற்றதை விட முடியாது. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 15 முதல் 30 மடங்கு அதிகம். அந்த 56 வீதம், ஏற்கனவே நோய் முற்றி மருந்துக்கு வந்தவர்களுக்குள் எடுத்த கணக்கு. கட்டி சுருங்குவது குணமாவதும் இல்லை. இன்னொரு ஆய்வு, ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 வீதமானவை, அடையாளத்தை டீ-கலத்துக்கு எடுத்துக்காட்டும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் ஒரு பகுதியைத் தொலைத்திருந்ததைக் காட்டியது. அடையாளம் உண்டு, அதைக் காட்டும் தட்டு இல்லை. அவ்வளவு விகாரம் சேர்ந்த கட்டியும் தப்புவதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறது.

அத்தனையும் தாண்டி, அந்த மருந்தின் விலை நம் ஊர்க் குடும்பமொன்றால் தாங்கக்கூடியது இல்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போய் வரும் குடும்பங்களை உங்கள் மாணவர்களும் பார்த்திருப்பார்கள்.

மருதமுனைத் தறி எழுதியது:

பரிசோதகர் ஐயா, விரல் வைத்துப் பார்த்தோம். இரண்டு விரல்தான் போகிறது. திங்கட்கிழமை காலையில் கூட்டிப் போகிறேன். பாக்குவெட்டியை உம்மாவே எடுத்து என் கையில் தந்துவிட்டார்.

படுவான்கரைப் பணியாளர் எழுதியது:

நல்லது, தம்பி. இறுகிய வாய் முழுதாக இளகாவிட்டாலும், பாக்கை நிறுத்துவது மேலும் இறுகாமல் இருக்க உதவும். தொடர்ந்து கிளினிக்குக்குப் போக வேண்டும், ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம் ஏதாவது தெரிகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். உங்கள் வீட்டில் வெற்றிலை போடும் மற்றவர்களையும் கூடவே கூட்டிப் போங்கள்.

காரைதீவு விஞ்ஞானப்பிரிவு எழுதியது:

சேர், கடைசியாக ஒன்று. 2001இல் செய்ததை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்ய வேண்டுமானால் என்ன இரசாயனம் கொடுப்பீர்கள்? என்ன முடிவு வரும் என்று நினைக்கிறீர்கள்?

நுணுக்குக்காட்டி எழுதியது:

நைத்திரோகுயினொலீன் ஒட்சைட் என்ற பொருளைக் குடிநீரில் கலந்து கொடுக்கலாம். எலியின் நாக்கிலும் உணவுக்குழாயிலும் கட்டி வரும்; அது விடும் விகாரச் சுவடு மனிதரில் புகையிலை விடும் சுவட்டை ஒத்திருக்கிறது. நிணநீர்க் குழியம் இல்லாத எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் ஒரே செறிவில், ஒரே காலம் கொடுக்க வேண்டும். ஸ்டட்மன் கதையை மறவாதே: இரண்டு கூட்டமும் ஒரே வம்சமாக இருக்க வேண்டும், செறிவு குறைந்தது இரண்டு அளவில் இருக்க வேண்டும். பிறகு கட்டிகளைப் புதிய சாதாரண எலிகளின் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். காவல் இல்லாத எலிகளிலிருந்து, அதிக செறிவில் வந்த கட்டிகள்தான் கூடுதலாக விரட்டப்படும் என்பது என் எதிர்பார்ப்பு. நான் மூன்றாவதாக ஒரு கூட்டமும் வைப்பேன்: குடிநீரோடு கன்னத்தில் பாக்குச் சாறும் தடவிய சாதாரண எலிகள். அவற்றின் கட்டிக்குள் டீ-கலங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதை வெட்டி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை. நீ பல்கலைக்கழகம் போனதும் யாராவது ஒரு பேராசிரியரிடம் இதைக் கேள்.